முற்றுப்புள்ளியும் அரைப்புள்ளியும்: ஜூடோ செய்தி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழில் விளையாட்டுச் செய்தி எழுதும், வாசிக்கும், மொழிபெயர்க்கும், படம் போட்டுப் பகிரும் எல்லாருக்கும்,

வணக்கம். நான் செய்தித்துறையில் இருப்பவள் இல்லை. யீஷூனில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் மாமனார், கணவர், மகளோடு இருக்கிறேன். மகள் தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்பிலிருந்து ஜூடோ பழகுகிறாள். அதனால் சனிக்கிழமைக் காலைகள் எனக்கு ஒரு பயிற்சிக்கூடத்தின் சுவரோரத்தில்தான் கழிகின்றன. இத்தனை ஆண்டுகளில் நான் ஒரு தடவைகூட யாரையும் தூக்கிப் போட்டதில்லை. ஆனால் யார் விழுந்தது புள்ளி, யார் விழுந்தது வெறும் விழுகை என்று ஓரளவு சொல்லத் தெரியும். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை. பாரிஸ் ஒலிம்பிக்கில் அன்று ஜூடோவின் கனத்த எடைப் பிரிவுகள். மாலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு துணுக்கு வந்தது. யார் எழுதியது, எங்கிருந்து கிளம்பியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ‘இந்திய வீராங்கனை 28 விநாடியில் சுருண்டார், 10-0 என்ற கணக்கில் படுதோல்வி’ என்று இருந்தது. கீழே சிரிக்கும் முகம் ஒன்று. பெரியப்பா பிள்ளைகளில் ஒருவர் “பத்துக்குப் பூஜ்யமா! ஒரு புள்ளிகூடவா எடுக்க முடியவில்லை?” என்று கேட்டிருந்தார்.

மாமா, அதாவது என் மாமனார், அதைச் சத்தமாகப் படித்தார். மகள் சோபாவிலிருந்து எழுந்தே விட்டாள். “தாத்தா, பத்துன்னா பத்துத் தடவை இல்ல. ஒரே ஒரு தடவை.”

அதுதான் உண்மை. அன்றைய ஒலிம்பிக் முடிவுப் பட்டியலில் முழு வெற்றியான இப்போனுக்கு 10 என்றும், பாதி வெற்றியான வசா-அரிக்கு 1 என்றும் போட்டார்கள். முழு வெற்றி கிடைத்த அந்த நொடியே ஆட்டம் முடிந்துவிடும். ஆக 10-0 என்பது கால்பந்தின் பத்துக் கோல் இல்லை. ஒரு விழுகை, ஒரு முடிவு, அவ்வளவுதான். அந்தத் துணுக்கில் இல்லாத இன்னொன்றும் உண்டு. அந்த இந்திய வீராங்கனை துலிகா மான் அன்று மோதியது கியூபாவின் இடாலிஸ் ஓர்டிஸோடு. 2008-இல் வெண்கலம், 2012-இல் தங்கம், 2016-இலும் தோக்கியோவிலும் வெள்ளி என்று அதற்கு முன் நான்கு ஒலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம் வாங்கியவர் அவர். துலிகாவும் சும்மா வந்தவர் இல்லை. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றவர். இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்திருந்தால் சிரிக்கும் முகத்துக்கு இடம் இருந்திருக்காது.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சங்க மலர் என்று நூல் பிடித்தாற்போல் வரி கோத்த கை. இன்றும் கையில் கிடைக்கும் தமிழ் அச்சு எதையும் பென்சிலோடுதான் படிப்பார். பேத்தி அன்று விளக்கிய பிறகு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “அப்படின்னா இப்போன் முற்றுப்புள்ளி. வாக்கியம் முடிஞ்சு போச்சு. மற்றது அரைப்புள்ளி. ரெண்டு அரை சேர்ந்தா ஒண்ணு. இதுல என்ன கஷ்டம்?”

எங்கள் வீட்டில் அன்றுமுதல் அதுதான் வழக்கு. எதிராளியை வேகத்தோடும் பலத்தோடும் பிடி நழுவாமல் முதுகு முழுதும் படும்படி மல்லாத்தினால் இப்போன், முற்றுப்புள்ளி. அவற்றில் ஏதோ ஒன்று குறைந்தால் வசா-அரி, அரைப்புள்ளி. இரண்டு அரைப்புள்ளி வாங்கினால் ஆட்டம் முடிந்தது. 2017-இல் எடுத்துவிட்ட யூகோ என்ற சின்னப் புள்ளியை 2025 தொடக்கத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கு மாமா வைத்த பெயர் காற்புள்ளி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எத்தனை காற்புள்ளி சேர்ந்தாலும் ஓர் அரைப்புள்ளி ஆகாது. தரையில் அமுக்கிப் பிடிப்பதற்கும் இதே கணக்குதான்: 5 விநாடி எழவிடாமல் பிடித்தால் கால், 10 விநாடி பிடித்தால் அரை, 20 விநாடி பிடித்தால் முற்று. முக்காற்புள்ளிக்கு இன்னும் வேலை வரவில்லையே என்பது அவருக்கு ஒரு குறை.

இந்தப் பெயர்களைத்தான் நீங்கள் அச்சில் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இப்போன் என்றே எழுதுங்கள், தப்பில்லை. கிரிக்கெட்டில் விக்கெட்டை நாம் மொழிபெயர்த்துக்கொண்டா ரசிக்கிறோம்? ஆனால் முதல் தடவை வரும்போது அரை வரியில் அது என்ன என்று சொல்லிவிடுங்கள். அது போதும். எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்த விஷயம் இது.

இன்னொரு துணுக்கில் ‘-57 கிலோ எடைப் பிரிவு’ என்று இருந்தது. மாமா பென்சிலால் வட்டம் போட்டு, எடை எப்படி மைனஸில் போகும் என்று கேட்டார். நியாயம்தானே? அந்தக் கோடு கழித்தல் குறி இல்லை. 57 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று பொருள். கூட்டல் குறி போட்டு +78 என்றால் அதற்கு மேல் எவ்வளவும் இருக்கலாம். ‘57 கிலோவுக்கு உட்பட்டோர்’ என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.

சரி, நான் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானின் உத்தா அபே.

அந்த வாரத்தின் ஞாயிறு, ஜூலை 28. பாரிஸில் காலை ஆட்டங்கள் தொடங்கியபோது நமக்கு மாலை. பெண்கள் 52 கிலோ. தோக்கியோ ஒலிம்பிக்கில் அண்ணன் ஹிஃபுமியும் தங்கை உத்தாவும் ஒரே நாளில் தங்கம் வாங்கியவர்கள். பாரிஸிலும் அப்படியே நடக்கும் என்று என் மகள் உட்பட எல்லாரும் எதிர்பார்த்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் உத்தாவுக்கு எதிரே உஸ்பெகிஸ்தானின் தியோரா கெல்தியோரோவா. உத்தா வசா-அரி எடுத்து முன்னணியில் இருந்தார். அப்புறம் ஒரு நொடி. தூக்கி மல்லாத்தப்பட்டார். இப்போன். பாயை விட்டு இறங்கியதும் பயிற்றுநரைக் கட்டிக்கொண்டு அவர் அழுத அழுகை அரங்கத்தையே நிறுத்திவிட்டது. பார்வையாளர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூவினார்கள்.

அந்த அழுகை நம் எல்லார் தொலைபேசிக்கும் வந்தது. ‘கதறி அழுத சாம்பியன்’, ‘தோல்வியைத் தாங்காத வீராங்கனை’ என்றெல்லாம் தலைப்பு. சிலர் அதற்கு அறிவுரையும் சேர்த்தார்கள். வெற்றி தோல்வி சகஜமாம். மூன்று ஆண்டு வேலை நான்கு நிமிடத்துக்குள் கையை விட்டுப் போனவரிடம் இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

அழுகையைக் காட்டியதில் எனக்கு வருத்தமில்லை. அதோடு விட்டதில்தான். அவரை வென்ற பெண் யார் என்று எத்தனை பேர் எழுதினார்கள்? கெல்தியோரோவா அன்றிரவே தங்கம் வென்றார். உஸ்பெகிஸ்தானுக்கு ஜூடோவில் அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். ஒரு நாடே கொண்டாடிய செய்தி, நம் பக்கத்தில் வேறொருவர் அழுகைக்கு அடியில் போய்விட்டது. உத்தாவுக்கு ஏன் வெண்கலத்துக்குக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. காலிறுதியில் தோற்றவர்களுக்கு மட்டும்தான் மறுவாய்ப்புச் சுற்று உண்டு. அவர் தோற்றது அதற்கு ஒரு சுற்று முன்பு. ஒரு சுற்றுத் தள்ளித் தோற்றிருந்தால் வெண்கலத்துக்குப் போராடியிருக்கலாம். அந்த அழுகையின் பாதி அதுதான் என்கிறாள் என் மகள்.

2025 ஜூனில் புடாபெஸ்ட்டில் உலக வெற்றியாளர் போட்டி நடந்தது. அதே உத்தா அபே, அதே 52 கிலோ, தங்கம். அவருக்கு அது ஐந்தாவது உலகப் பட்டம். அழுகையை எனக்கு அனுப்பிய பதினேழு பேரில் ஒருவர்கூட இதை அனுப்பவில்லை. சரி, அவர்கள் என் உறவினர்கள், அவர்களை விடுங்கள். உங்களிடம் கேட்கலாம் இல்லையா? ஒருவர் விழுந்ததை எழுதினால் அவர் எழுந்ததற்கும் இரண்டு வரி வையுங்கள்.

மறுவாய்ப்புச் சுற்று என்றேன். ஜூடோ முடிவுப் பட்டியலில் நம் ஆள்கள் அதிகம் தடுமாறும் இடம் அதுதான். இரண்டு வெண்கலம் இருக்கும். இரண்டு ஐந்தாம் இடம் இருக்கும். இரண்டு ஏழாம் இடம் இருக்கும். நான்கு, ஆறு, எட்டு இருக்காது. காலிறுதியில் தோற்ற நால்வர் மறுவாய்ப்புச் சுற்றில் இரண்டு சோடியாக மோதுவார்கள். அதில் தோற்ற இருவரும் ஏழாவது. வென்ற இருவரும் அரையிறுதியில் தோற்றவர்களோடு வெண்கலத்துக்கு மோதுவார்கள். அங்கே தோற்ற இருவரும் ஐந்தாவது. அதாவது ஐந்தாம் இடம் என்றால் பதக்கத்துக்கு ஒரே ஓர் ஆட்டம் தூரத்தில் நின்றவர் என்று பொருள். நீச்சலில் ஐந்தாவதாகத் தொட்டவருக்கும் ஜூடோவில் ஐந்தாவதாக வந்தவருக்கும் நடந்தது வேறு வேறு.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. போன ஆண்டு மாணவர் போட்டி ஒன்றில் மகள் காலிறுதிவரை போனாள். அங்கே தோற்கடித்த பெண்தான் கடைசியில் தங்கம் வாங்கினாள். மறுவாய்ப்பில் என் மகள் ஷிடோ எனப்படும் எச்சரிக்கை மூன்று வாங்கி வெளியேறினாள். மூன்றாவது ஷிடோ விழுந்தால் ஆட்டம் போச்சு. தீபாவளிக்கு வந்த அத்தை ஒருவர் கேட்டார், “ஏழாவதா? மொத்தம் எத்தனை பேரு, ஏழா?” எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். இரவு பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்த்து “செவன்த்” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். எனக்குக் கேட்டது.

அத்தைமேல் கோபமில்லை. அவருக்கு யாரும் சொன்னதில்லை. தமிழில் படிப்பவருக்குத் தமிழில்தானே சொல்ல வேண்டும்.

வெற்றிச் செய்திகளும் இப்படித்தான் சுருங்கிப் போகின்றன. ஆகஸ்ட் 3 சனிக்கிழமை, ஆண்களும் பெண்களும் சேர்ந்த கலப்புக் குழு இறுதி ஆட்டம் நடந்தது. ‘பிரான்ஸ் 4-3 என ஜப்பானை வீழ்த்தியது’ என்று ஒரு வரிச் செய்தி. நாங்கள் நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜப்பான் 3-1 என்று முன்னணியில் இருந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் ஹிஃபுமி அபே; தன் எடைக்கு மேலே போய் பிரான்ஸின் 73 கிலோக்காரரான ஜோன்-பெஞ்சமின் காபாவோடு மோதினார். நான்கு நிமிடம் போய், தங்கப் புள்ளி என்னும் கூடுதல் நேரத்துக்குள் போனது. அதற்குக் கால வரம்பே இல்லை. யார் முதலில் புள்ளி எடுக்கிறாரோ அவர் வென்றார். காபா வென்றார். அடுத்து கிளாரிஸ் அக்பெக்னெனு வென்று 3-3. ஏழாவது ஆட்டம் எந்த எடையில் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். திரையில் எடைகள் சுழன்று நின்றன. ஆண்கள் 90 கிலோவுக்கு மேல்.

அது பிரான்ஸின் டெடி ரினேரின் எடை. 35 வயது. முந்தைய நாள்தான் தனிநபர் தங்கம் வாங்கியவர். எதிரே 22 வயது தத்சுரு சைத்தோ. அவருடைய அப்பா ஹித்தோஷி சைத்தோ 1984, 1988 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றவர், 2015-இல் காலமானவர். அதே இரவில் ஏற்கெனவே ஒரு தடவை ரினேரிடம் தோற்ற அந்தப் பையன் மறுபடியும் பாய்க்கு வந்து நின்றான். மாமா எழுந்து நின்றுவிட்டார், ஏன் என்று அவருக்கே தெரியாது. ரினேர் வென்றார். இவ்வளவும் அந்த 4-3-க்குள் இருக்கிறது. காபா அடுத்த ஆண்டு புடாபெஸ்ட்டில் 73 கிலோவில் உலகப் பட்டமும் வாங்கினார். எல்லாவற்றையும் எழுத இடம் இருக்காது, தெரியும். குலுக்கல் என்ற ஒரு சொல்லாவது இருந்திருக்கலாம்.

நேரத்தை வைத்துச் செய்யும் வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். துலிகா 28 விநாடியில் தோற்றதற்குக் கேலி. அடுத்த மாதம் பாராலிம்பிக்கில் கபில் பார்மர் 33 விநாடியில் 10-0 என்று வென்று வெண்கலம் வாங்கினார். ஜூடோவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் பதக்கம் அது. அப்போது அதே 10-0 ‘அபாரம்’ ஆகிவிட்டது. சிறுவயதில் வயலில் தண்ணீர் பம்பைத் தொட்டு மின்சாரம் தாக்கியதில் பார்வையை இழந்தவர் அவர். பிழைப்புக்குத் தேநீர்க்கடை நடத்தியவர். பார்வையற்றோர் ஜூடோவில் இருவரும் ஒருவர் உடையை ஒருவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஆட்டமே தொடங்கும். பிடிக்காகச் சுற்றிச் சுற்றி வரும் நேரம் அங்கே இல்லை. அதனால் ஒவ்வொரு விநாடியும் கனம். இதை ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த 33 எவ்வளவு பெரியதாகத் தெரிந்திருக்கும்!

மணிப்பூரின் லிந்தோய் சனம்பம் 2022-இல் சாரயேவோவில் 57 கிலோவில் இளையோர் உலகப் பட்டம் வென்றார். எந்த வயதுப் பிரிவிலும் உலக ஜூடோப் போட்டியில் இந்தியாவுக்கு அதற்கு முன் பதக்கமே இல்லை. இறுதி ஆட்ட முடிவு 1-0. அதாவது ஓர் அரைப்புள்ளி. என் மகளின் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கும் படம் அவருடையதுதான்.

மொழியைப் பற்றியும் கொஞ்சம். ‘வீழ்த்தினார்’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு எல்லா ஆட்டத்தையும் ஓட்டுகிறீர்கள். விழவைப்பதற்குத் தமிழில் சொல் பஞ்சமா? மல்லாத்தினார், கவிழ்த்தார், சாய்த்தார், புரட்டினார், இடறினார், தூக்கி அடித்தார், அமுக்கினார், முடக்கினார். தோள்மேல் ஏற்றி வீசும் செயோய்-நாகேயை மூட்டை சுமந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘காலை வாரிவிட்டான்’ என்பது நமக்கு நம்பிக்கைத் துரோகம். ஜூடோவிலோ அது பயிற்றுநர் சொல்லிக்கொடுக்கும் முறையான உத்தி. அதைச் சரியான நொடியில் செய்தால் இப்போன் கிடைக்கும். மகள் முதன்முதலில் அப்படி ஒன்றைச் செய்தபோது “யார் காலையோ வாரிட்டாளாம்” என்று மாமா புளோக் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பக்கத்து வீட்டு அக்கா திடுக்கிட்டுப் போனார்.

பழமொழி ஒன்றும் இங்கே தலைகீழாகிறது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது நமக்குக் கேலி. ஜூடோவில் குப்புற விழுந்தால் உண்மையிலேயே மண் ஒட்டாது, புள்ளியே கிடையாது! முதுகோ பக்கவாட்டோ பட்டால்தான் கணக்கு. அதனால்தான் தூக்கப்பட்டவர் காற்றிலேயே உடம்பைத் திருப்பி வயிற்றில் விழப் பார்ப்பார். நேர்முக வர்ணனையில் இதை யாராவது சொன்னால் நான் கைதட்டுவேன். ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது, பட்டிமன்றமும் கவிதையும் நடக்கின்றன, மகிழ்ச்சி. மாணவர்களுக்கு விளையாட்டு வர்ணனைப் போட்டி ஒன்றும் வைத்துப் பாருங்களேன். என் மகளுக்குத் தமிழில் பேசக் கூச்சம். ஆனால் ஜூடோவைப் பற்றி என்றால் தாத்தாவிடம் முக்கால் மணி நேரம் தமிழிலேயே பேசுவாள்.

2015-இல் தென்கிழக்காசிய விளையாட்டுகள் நம் ஊரில் நடந்தபோது ஜூடோவும் இருந்தது. 2029-இல் மறுபடியும் இங்கே நடக்கப்போகின்றன. அப்போது உங்களில் பலர் நேரிலேயே உட்கார்ந்து எழுதுவீர்கள். நம் பிள்ளைகளில் யாராவது பாயில் நிற்கவும் கூடும். என் மகளைச் சொல்லவில்லை, அவளுக்கு இப்போதைக்கு மூன்று ஷிடோ வாங்காமல் இருப்பதுதான் இலட்சியம். தோற்றவரை எழுதும்போது யாரிடம், எப்படி, எந்தச் சுற்றில் என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். ஐந்தாவது, ஏழாவது வந்தால் அது என்ன என்று ஒரு வரி. 10-0 என்று மட்டும் தயவுசெய்து போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நேரம் இருந்தால் ஏதாவது ஒரு சனிக்கிழமைக் காலை, உங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஜூடோ வகுப்புக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். காலணியை வாசலில் கழற்றிவிட வேண்டும். முதல் இருபது நிமிடம் பிள்ளைகள் விழுவதற்குத்தான் பழகுவார்கள், கையால் பாயைத் தட்டித் தட்டி. அந்தச் சத்தம் வெளியே படிக்கட்டுவரை கேட்கும்.

அன்புடன்,
யீஷூனிலிருந்து ஒரு ஜூடோக்காரியின் அம்மா

(மடலைப் படித்துப் பார்த்த மாமா நான்கு இடத்தில் ஒற்று போட்டார், ஓர் இடத்தில் எடுத்தார். ‘சுருண்டார்’ என்ற சொல்லுக்கு மட்டும் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறார். அது என் சொல் இல்லை, துணுக்கின் சொல் என்றேன். தெரியும் என்றார்.)